மைதானத்து ஓரத்தில் நிற்கும் அந்தப் பையனும் சாப்பிடட்டும்

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. மூன்று மாதமாக ஒரு கால்பந்துக் குழுவில் ஆடுகிறாள். ஒவ்வொரு வாரமும் ஆட்டம் முடிந்ததும் ஒரு வீட்டார் முறை வைத்து எல்லாக் குழந்தைகளுக்கும் தின்பண்டம் கொண்டுவருகிறோம். பெரும்பாலும் சிப்ஸ் பாக்கெட், கிரீம் பிஸ்கட், சாக்லேட், கூடவே கலர் கலராகப் பாட்டில் பானம். போன வாரம் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில், "இனிமேல் பழமும் தண்ணீரும் மட்டும் கொடுக்கலாமே" என்று எழுதி, எந்தப் பாக்கெட்டில் எத்தனை கிராம் சர்க்கரை என்று ஒரு பட்டியலையும் போட்டேன். பெரிய சண்டையாகிவிட்டது. "வாரத்தில் ஒரு நாள்தானே, விடுங்கள்" என்றார் ஒருவர். "நாங்கள் என்ன பிள்ளைகளுக்கு விஷமா கொடுக்கிறோம்?" என்றார் இன்னொருவர். சிலர் தனியாகக் கூப்பிட்டு, "நீங்கள் சொன்னது சரிதான், எங்களால்தான் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை" என்கிறார்கள். குழுவில் ஒரு பையனுக்கு ஏதோ அலர்ஜியாம், அவன் எதையும் வாங்குவதில்லை. அடுத்த வாரம் எங்கள் முறை. "நீ பழம் கொண்டுவந்தால் எல்லோரும் என்னைக் கேலி செய்வார்கள்" என்று மகள் அழுகிறாள். நான்தான் தேவையில்லாமல் பெரிதுபடுத்துகிறேனா? பேசாமல் இந்த முறையிலிருந்து விலகிவிடட்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பெரிதுபடுத்தவில்லை. விலகவும் வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது சர்க்கரைப் பட்டியல் அல்ல, அந்தப் பையனைப் பற்றிய ஒற்றை வரி. "ஏதோ அலர்ஜியாம்." மூன்று மாதமாகப் பிள்ளைகள் சேர்ந்து ஆடுகிறார்கள். வாரம் தவறாமல் அவன் கண்ணெதிரே பாக்கெட்டுகளைப் பிரிக்கிறார்கள். அது என்ன அலர்ஜி என்று இன்னும் உங்களுக்குத் தெரியவில்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இத்தனை அக்கறையோடு லேபிள் படிக்கிற உங்களுக்கே தெரியாதபோது, மற்ற பெற்றோருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குழந்தைகளின் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். இந்தச் சண்டையை அந்த ‘ஏதோ’விலிருந்து தொடங்கியிருந்தால் அது சண்டையாகவே ஆகியிருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் நீங்கள் கேட்ட சர்க்கரை விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு மணி நேரம் ஆடிவிட்டு வரும் எட்டு வயதுக் குழந்தைக்கு உடனே ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமா? பெரும்பாலும் வேண்டியதில்லை. வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு, திரும்பிப் போய் அடுத்த வேளை சாப்பிடும்வரை தாங்குகிற சக்தி உடம்பிலேயே இருக்கிறது. ஓரத்தில் நின்று பார்க்கும் நமக்கு அவர்கள் ஓயாமல் ஓடுவதுபோல் தெரியும். மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்திருப்பது, பந்து தன் பக்கம் வரும்வரை நிற்பது, பயிற்சியாளர் சொல்வதைக் கேட்பது என்று எல்லாவற்றையும் கழித்துவிட்டால் உடம்பு உண்மையில் உழைக்கும் நேரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. அமெரிக்காவில் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிறுவர்களின் 189 ஆட்டங்களை நேரில் கவனித்து 2020-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஓர் ஆட்டத்தில் குழந்தைகள் செலவழித்தது சராசரியாக 170 கலோரி. ஆட்டம் முடிந்ததும் கையில் கொடுக்கப்பட்ட தின்பண்டத்திலும் பானத்திலும் கிடைத்தது 213 கலோரி. அதில் சர்க்கரை மட்டும் 26 கிராமுக்குச் சற்று மேல். அதில் பெரும்பகுதி பானத்திலிருந்து வந்தது.

இந்த 26 கிராமை ஒரு நாள் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2 வயது முதல் 18 வயது வரை உள்ளவர்கள், உணவில் கூடுதலாகச் சேர்க்கப்படும் சர்க்கரையை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க இதய சங்கம் 2016-இல் அறிவுறுத்தியது. ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி. ஒரு நாளைக்கு உரிய மொத்த அளவும் அந்தப் பத்து நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே உங்கள் கணக்கு சரிதான்.

"வாரத்தில் ஒரு நாள்தானே" என்று சொன்னவரும் பொய் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் ஒரு சாக்லேட் சாப்பிட்டு எந்தக் குழந்தையும் கெட்டுப்போவதில்லை. அவர் பார்ப்பது அந்த ஒரு நாளை மட்டும். ஆட்டத்தோடு சேர்த்துப் பயிற்சி நாள்கள், வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள், அண்ணனுடைய குழுவில் கொடுப்பதில் தங்கைக்கும் ஒரு பங்கு, உறவினர் வீடு என்று எல்லாம் கூடும்போதுதான் ‘ஒரு நாள்’ நாலு நாளாகிறது. இதை அவரிடம் கிராம் கணக்கில் சொன்னால் ஏறாது. பிள்ளையின் போன வாரத்தை ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்க்கச் சொன்னால் அவரே எண்ணிவிடுவார்.

பானத்தைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். விளையாட்டு வீரர்களுக்கானது என்று விற்கப்படும் கலர் பானங்களில் பொதுவாக 100 மில்லி லிட்டருக்கு 6 கிராம் அளவில் சர்க்கரை இருக்கும். அரை லிட்டர் பாட்டில் என்றால் 30 கிராம். நீண்ட நேரம் இடைவிடாமல் கடுமையாக உழைத்து வியர்வையைக் கொட்டுகிறவர்களுக்காக உருவானது அது. சாதாரணமாக விளையாடும் பிள்ளைகளுக்கு அது தேவையில்லை, தண்ணீரே போதும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2011-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. கஃபீன் கலந்த ‘எனர்ஜி’ பானங்களோ குழந்தைகளுக்கு எந்த அளவிலும் ஆகாது. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பெற்றோர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். கடையில் எடுக்கும்போதே லேபிளைப் பாருங்கள். பல்லுக்கும் இது கெடுதல். ஓடி முடித்து வாய் உலர்ந்திருக்கும்போது எச்சில் குறைவாகச் சுரக்கும். அந்த நேரத்தில் புளிப்பும் சர்க்கரையும் சேர்ந்த பானத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டிருந்தால் பற்களைக் காக்க ஒன்றுமில்லை.

தண்ணீரை ஆட்டம் முடியும்வரை தள்ளிப்போடக் கூடாது. 9 முதல் 12 வயது வரையுள்ளவர்கள் ஆடும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லி லிட்டர் வரை குடிக்கலாம் என்பது அதே சங்கத்தின் வழிகாட்டுதல். உங்கள் மகள் இன்னும் சிறியவள். அதே இடைவெளியில் நாலைந்து மிடறு குடிக்கப் பழக்குங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து தன் பாட்டிலைக் கொண்டுவர வேண்டும், இன்னொருவர் பாட்டிலில் வாய் வைக்கக் கூடாது. இந்த ஒரு விதிக்கு எந்தப் பெற்றோரும் மறுப்புச் சொல்லி நான் பார்த்ததில்லை.

விதிவிலக்குகள் உண்டு. ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம் ஆடும் போட்டிகளில் இடையில் கட்டாயம் ஏதாவது சாப்பிட வேண்டும். முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைக்கு ஓடியாடும்போது ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம்; அந்த நேரத்தில் ஒரு சிறிய ஜூஸ் பெட்டி அவனுக்கு மருந்து. அப்போது "சர்க்கரை வேண்டாம்" என்று யாராவது அதைத் தட்டிவிட்டால் அது ஆபத்தில் முடியும். வீட்டில் சாப்பிடாமல் வருகிற பிள்ளையும் இருக்கலாம். காரணம் எதுவாக இருந்தாலும், அந்தப் பிள்ளைக்கு மைதானத்தில் கிடைப்பது அன்றைய முதல் சாப்பாடு. எந்தப் பிள்ளை என்று பயிற்சியாளருக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். சத்தமில்லாமல் கேட்டு வையுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, "அப்படியானால் தின்பண்டமே வேண்டாம் என்று நிறுத்திவிடலாமே" என்று நீங்கள் கேட்கலாம். என்னிடம் வரும் பெற்றோர் பலர் கேட்கிறார்கள். சில குழுக்கள் அப்படியே செய்தும்விட்டன. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை.

ஆட்டம் முடிந்த அந்தப் பத்து நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். தோற்றிருந்தாலும் வென்றிருந்தாலும் பிள்ளைகள் வட்டமாகப் புல்லில் உட்காருகிறார்கள். கோல் விட்ட பெண்ணின் அருகில் இன்னொருத்தி போய் உட்கார்ந்து தன் கையில் இருப்பதில் பாதியைப் பிட்டுக் கொடுக்கிறாள். ஆட்டத்தில் ஒருவரோடொருவர் பேசாதவர்கள்கூட அங்கே பேசுகிறார்கள். உடம்புக்கு அந்தத் தின்பண்டம் தேவையில்லை. பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைக்க அது உதவுகிறது, அது இருப்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே நியாயம் அதுதான். அதனால்தான் அந்தப் பையனைப் பற்றி இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். சேர்ந்திருப்பதற்காகக் கொடுக்கிற ஒன்று, ஒரு பிள்ளையை வட்டத்துக்கு வெளியே நிற்கவைத்தால், பிறகு அது எதற்காக? எல்லாப் பிள்ளைகளும் ஒரே தட்டிலிருந்து எடுக்க முடிய வேண்டும். அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் என் மகன் ஒரு நீச்சல் குழுவில் இருந்தான். என் முறை வந்தது. குழுவில் ஒரு சிறுவனுக்குப் பால் ஒவ்வாமை என்று எனக்குத் தெரியும். அதனால் கிரீம் இல்லாத, சாக்லேட் இல்லாத, பார்ப்பதற்குச் சாதாரணமான பிஸ்கட்டாகத் தேடி வாங்கினேன். ஈரத் தலையும் துண்டுமாகப் பிள்ளைகள் வரிசையில் வந்து எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சிறுவன் என் முகத்தைப் பார்த்தான். "நீ சாப்பிடலாம்" என்றேன். அந்தச் சந்தோஷம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பி வந்து, "ஆன்ட்டி, நாக்கு அரிக்கிறது" என்றான். உதடு தடித்திருந்தது. கழுத்தில் சிவப்புத் திட்டுகள். பிறகு இருமல். அவன் அப்பா பையிலிருந்து அட்ரினலின் ஊசியை எடுத்துத் தொடையின் வெளிப்பக்கத்தில் போட்டார், ஆம்புலன்ஸ் வந்தது, இரவு முழுவதும் மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். அவன் பிழைத்துக்கொண்டான், மறுவாரம் நீந்தவும் வந்தான். அன்று இரவு அந்த பிஸ்கட் பெட்டியை விளக்கின் கீழ் வைத்துப் படித்தேன். பின்பக்கம் மடிப்புக்குள் போகும் இடத்தில், எறும்பு அளவு எழுத்தில், ‘வே பவுடர்’ என்று இருந்தது. பாலிலிருந்து எடுப்பது. எனக்கு அது தெரிந்த பெயர்தான். நான் படிக்கவில்லை, அவ்வளவுதான். நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: பெட்டியை முன்கூட்டியே அவன் வீட்டாரிடம் காட்டியிருக்க வேண்டும்.

பாலுக்கு லேபிளில் வேறு பெயர்களும் உண்டு. கேசீன், கேசினேட் எல்லாம் அதே பால்தான். முட்டை, வேர்க்கடலை, முந்திரி, பாதாம் போன்ற பருப்புகள், கோதுமை, சோயா, எள், மீன், இறால் என்று ஒவ்வொன்றும் எதிர்பாராத இடத்தில் ஒளிந்திருக்கும். எவற்றைக் கட்டாயம் லேபிளில் காட்ட வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் 14 இருக்கின்றன, அமெரிக்காவின் பட்டியலில் 9. அங்கே எள் சேர்க்கப்பட்ட சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2023 ஜனவரியில்தான். "இதன் தடயங்கள் இருக்கலாம்" என்ற எச்சரிக்கையைப் போடுவதும் பல நாடுகளில் தயாரிப்பாளரின் விருப்பம். அது அச்சிடப்படவில்லை என்பதால் பாதுகாப்பு என்று ஆகிவிடாது. இதெல்லாம் தெரிந்திருப்பவர் அந்தப் பையனின் தாய்தான். தினமும் செய்கிற வேலை அவருக்கு.

விளையாட்டு மைதானத்துக்கே உரிய இரண்டு செய்திகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு ஓடியாடினால் ஒவ்வாமை இன்னும் எளிதாகத் தூண்டப்படும். சிலருக்குக் கோதுமை போன்ற ஓர் உணவைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தால் ஒன்றும் ஆகாது, ஓடினால் கடுமையான எதிர்வினை வரும். ஆகவே இடைவேளையில் கொடுப்பதற்கும் ஆட்டம் முடிந்து கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. இடைவேளைக்குத் தண்ணீர் மட்டும் போதும். இரண்டாவது, கை. சீஸ் பொடி தூவிய சிப்ஸைத் தின்ற விரல்கள் பந்தையும் பெஞ்சையும் அடுத்தவன் தோளையும் தொடும். ஆல்கஹால் ஜெல் கிருமிகளைக் கொல்லும், ஒவ்வாமை தரும் புரதத்தை அகற்றாது. சோப்பும் தண்ணீரும் வேண்டும். மைதானத்தில் குழாய் இல்லையென்றால் ஈரத் துடைப்பான் பாக்கெட் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நன்றாகத் துடைத்தால் போய்விடும்.

"அவனுக்கு மட்டும் தனியாக ஒன்று வாங்கி வந்தால் போகிறது" என்று சிலர் சொல்வார்கள். ஒன்றும் இல்லாததற்கு அது மேல். ஆனால் எட்டு வயதில், எல்லோருக்கும் ஒன்று, தனக்கு மட்டும் வேறு ஒன்று என்பது எப்படி இருக்கும் என்று அந்த வயதுப் பிள்ளை யாரிடம் கேட்டாலும் சொல்லும்.

இனி உங்கள் சண்டை. நீங்கள் எழுதியதில் ஒரு எழுத்தும் தவறில்லை. எழுதிய இடமும் விதமும்தான் சிக்கல். முந்தின வாரம் கிரீம் பிஸ்கட் கொண்டுவந்தவர் அந்தப் பட்டியலைத் திறக்கிறார். தான் வாங்கிய அதே பாக்கெட் முதல் வரியில் இருக்கிறது, எத்தனையோ பேர் அதைப் பார்க்கிறார்கள். அவர் சர்க்கரையைப் பற்றிப் படிக்கவில்லை, தன் வளர்ப்பைப் பற்றிய தீர்ப்பைப் படிக்கிறார். "விஷமா கொடுக்கிறோம்?" என்ற கேள்வி அங்கிருந்து வருகிறது. வேலை முடிந்து கடை மூடும் நேரத்தில் ஓடிப்போய் வாங்கியிருப்பார். பாக்கெட் கெட்டுப்போகாது, நசுங்காது, எண்ணி எடுக்கலாம், எந்தப் பிள்ளையும் முகம் சுளிக்காது. இத்தனை பேருக்குக் கொடுக்க வேண்டியவருக்கு இவையெல்லாம் நியாயமான காரணங்கள். அவரிடம் தனியாக, நேரில், "அன்றைக்கு எல்லோர் முன்னாலும் அப்படிப் போட்டிருக்கக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள். சொன்ன கருத்தைத் திரும்பப் பெற வேண்டியதில்லை.

செலவைப் பற்றி யாரும் வெளியே பேச மாட்டார்கள். என்னிடம் வந்த ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைகள், இருவரும் வெவ்வேறு குழுவில். முறை வரும் வாரத்தில் மட்டும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பயிற்சியாளருக்குச் செய்தி அனுப்பிவிடுவாராம். ஆடத் துடிக்கிற பையனை வீட்டில் உட்கார்த்திவைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்படியில் நின்றிருந்ததை அழுதுகொண்டே சொன்னார். முந்தின வீட்டார் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தால் அடுத்த வீட்டார் அதற்குக் குறையாமல் செய்ய வேண்டியிருக்கிறது. உங்கள் குழுவிலும் அப்படி ஒரு வீடு இருக்கலாம். ஆகவே எது முடிவானாலும், ஒரே ஒரு பொருள் போதும், முறை எடுப்பது அவரவர் விருப்பம், எடுக்காதவரிடம் காரணம் கேட்கக் கூடாது என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

இதை நீங்களே அறிவிக்காமல் முதலில் பயிற்சியாளரிடம் பேசுங்கள். பருவத் தொடக்கத்தில் பயிற்சியாளர் ஒரே வரியில் சொன்னால் அது குழுவின் ஏற்பாடு. நடுவில் ஒரு தாய் சொன்னால் அது அந்தத் தாயின் கருத்து. பருவம் பாதி ஓடிவிட்டது என்றாலும் அவர் சொல்வதே நல்லது. பையனின் வீட்டார் சம்மதித்தால் மட்டும், "நம் குழுவில் ஒருவருக்கு இன்னது ஒத்துக்கொள்ளாது, எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்படி இனி இப்படிச் செய்வோம்" என்று அவர் எழுதட்டும். சர்க்கரை என்ற சொல்லே அதில் வர வேண்டாம். முழுப் பழமும் தண்ணீரும் என்று வந்துவிட்டால் உங்கள் பட்டியல் தானாகவே காலியாகிவிடும். உங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்களே, அவர்களிடம் ஒரு உதவி கேளுங்கள்: பயிற்சியாளரின் செய்திக்குக் கீழே "சரி" என்று முதலில் எழுதட்டும். அந்த ஒரு சொல்லை எழுத அவர்களுக்குப் பெரிய துணிச்சல் தேவைப்படாது.

‘அவரவர் பிள்ளைக்கு அவரவர் கொண்டுவரட்டும்’ என்ற ஏற்பாடும் இருக்கிறது. ஒவ்வாமைக்கு அது பெரிய அளவில் தீர்வு. ஆனால் டப்பா திறக்கும் இடத்தில் ஒப்பீடு தொடங்கிவிடும், மாற்றிக்கொள்வதும் தொடங்கிவிடும். பலவிதக் கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கும் குழுவுக்கு அதைத்தான் சொல்வேன். உங்கள் குழுவுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். கேலி செய்வார்கள் என்று அவள் பயப்படுவதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "பழம்தான் நல்லது, அது கெட்டது" என்று அவளிடமோ அவள் தோழிகளிடமோ பாடம் நடத்த வேண்டாம். லீயன் பர்ச் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் சிறு குழந்தைகளின் உணவு விருப்பத்தை ஆராய்ந்தவர். ஓர் உணவைப் பரிசாகக் கொடுத்தால் அதன்மேல் ஆசை கூடுகிறது என்று அவர் குழுவினர் 1980-இல் காட்டினார்கள். கண்ணெதிரே வைத்துக்கொண்டு தடுத்தாலும் ஆசை கூடுகிறது என்று 1999-இல் காட்டினார்கள். அதனால் வென்றால் சாக்லேட், நன்றாக ஆடினால் சிப்ஸ் என்று சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. அதேபோல், மற்ற வீட்டாரின் முறையில் எல்லோரும் வாங்கும்போது உங்கள் மகளை மட்டும் வாங்காதே என்று தடுப்பதும் பிடிப்பதில்லை. அவள் வாங்கிக்கொள்ளட்டும். ஒரு பாக்கெட்டை முழுவதும் தின்ன வேண்டுமா, பாதியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

உங்கள் முறைக்கு அவளையே கடைக்கு அழைத்துப் போங்கள். இரண்டு மூன்று பழங்களில் எது என்று அவள் தேர்ந்தெடுக்கட்டும். ஆரஞ்சை உரித்துக் கொடுத்தால் குழந்தைகள் மெதுவாகத்தான் தின்பார்கள். தோலோடு பிறை பிறையாக நறுக்கி, நன்றாகக் குளிரவைத்துக் கொண்டுபோய்ப் பாருங்கள். வியர்த்து வந்த பிள்ளைகள் தோலைப் பல்லில் கவ்விக்கொண்டு ஒருவருக்கொருவர் ஆரஞ்சுச் சிரிப்பு காட்டுவார்கள். பக்கத்தில் சிப்ஸ் இல்லாதபோது பழத்தை வேண்டாம் என்று சொன்ன குழு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால் மட்டும் பழம் தோற்றுவிடும். அன்றைக்கு அது ஒன்றே இருக்கட்டும். தர்பூசணியும் நன்றாகப் போகும், வாழைப்பழத்துக்குக் கத்தியே தேவையில்லை. நறுக்கும் கத்தியையும் பலகையையும் முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். காலையில் அதே கத்தியால் வேர்க்கடலை வெண்ணெய் தடவியிருக்கலாம். நறுக்கிய பழம் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரம்தான். ஆகவே ஐஸ் வைத்த பெட்டியில் எடுத்துப் போங்கள். ஆட்டம் பார்க்க வரும் தம்பி தங்கைகளை மறக்காதீர்கள். நாலு வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் கையில் முழுத் திராட்சை, கடலை, பாப்கார்ன், கெட்டி மிட்டாய் போகக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திராட்சை கொண்டுபோவதாக இருந்தால் நீளவாக்கில் நாலாக வெட்டிவிடுங்கள்.

இதில் எதை வாங்குவதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சிலருக்குப் பழமே ஒத்துக்கொள்ளாது. அந்தப் பையனின் ‘ஏதோ’ அதுவாகவும் இருக்கலாம். அதனால் இன்றே அவன் அம்மாவைக் கூப்பிடுங்கள். செய்தி அனுப்ப வேண்டாம், குரலில் பேசுங்கள். "அடுத்த வாரம் எங்கள் முறை. உங்கள் மகனும் சேர்ந்து சாப்பிடுகிற மாதிரி ஒன்று கொண்டுவர ஆசை. அவனுக்கு எது ஆகாது, எது பிடிக்கும்?" என்று கேளுங்கள். சில தாய்மார் உடனே நம்ப மாட்டார்கள்; "பரவாயில்லை, அவன் பழகிவிட்டான்" என்பார்கள். பலமுறை ஏமாந்தவர்கள் அவர்கள். அவசரப்படாமல் இன்னொரு முறை கேளுங்கள். வாங்கியதும் லேபிளைப் படம் எடுத்து அனுப்புவதாகச் சொல்லுங்கள். வேண்டாம், அவனுக்கு நானே கொண்டுவருகிறேன் என்று அவர் சொன்னால் அதையும் மனதார ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் என்ன கொண்டுவரப்போகிறார் என்று கேட்டு, முடிந்தால் மற்றப் பிள்ளைகளுக்கும் அதையே வாங்குங்கள்.

கடைசியாக, அவனுக்கு ஏதாவது ஆனால் முதலில் எப்படித் தெரியும் என்று கேளுங்கள்: தடிப்பா, வாந்தியா, இருமலா, குரல் மாறுமா. மூச்சு விடத் திணறினாலோ, குரல் கம்மினாலோ, மயக்கம் வந்தாலோ அட்ரினலின் ஊசிதான் முதலில். மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. ஊசி போட்டதும் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், அவனைப் படுக்கவைக்க வேண்டும்; மூச்சுத் திணறினால் மட்டும் உட்காரவைக்கலாம், எழுந்து நடக்கவிடக் கூடாது. சரியாகிவிட்டதுபோல் தெரிந்தாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும், அதனால் மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஊசி அவனிடம் இருக்கிறதா, பயிற்சியாளரிடம் இருக்கிறதா, அவன் பையில் எந்த ஜிப்புக்குள் இருக்கும் என்பதையும் அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.